சாட்சிக்குச் சுண்டுவிரல்

காரைக்குடி செக்காலை ரோட்டில்
செல்போன் கடைக்கு மேல்மாடி வகுப்பு.
மேசை விளிம்பில் திருகிவைத்த ரப்பர் கைக்கு
நானும் ஜெபராணியும் இட்ட பெயர் மகாராணி.
ஒரு நாளில் நாலு தடவை
நகம் ஒட்டுவோம், ராவுவோம், பிடுங்குவோம்.
ஆ என்று ஒரு சொல் வராது அவளிடமிருந்து.

நாற்பது நாள் வகுப்பு.
முப்பதாம் நாள் படிவத்தில்
பிராண்ட் பெயர் எழுதித் தரவேண்டும்.
"எதுல பழகுறீங்களோ அதுலதான் கை நிக்கும்"
என்று சொல்லிக்கொண்டே
கொரியாப் பெட்டியை எங்கள் பக்கம் நகர்த்தினார் ரெஹானா மேடம்.
பதினெட்டாயிரத்து ஐந்நூறு. தவணை உண்டு.
எடுத்தால் சான்றிதழில்
கம்பெனி முத்திரையும் விழும்.

"பதினெட்டா?" என்றார் சேவுகன்.
"லோடு வண்டிக்கு ரெண்டு டயர்."
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.

டெல்லிப் பெட்டி ஆறாயிரம், விளக்கும் சேர்த்து.
கோயம்புத்தூர்க்காரர்
தினமும் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ அனுப்பி
அடியில் விலை போடுகிறார்.
மகாராணிக்கு எல்லாம் ஒன்று.
எதைப் பூசினாலும் பளபளக்கிறாள்.
அவளை நம்பி எப்படிக் காசை எடுப்பது?

என் இடது கையை மேசையில் வைத்தேன்.
கட்டைவிரலுக்கு டெல்லி.
ஆள்காட்டிக்குக் கோயம்புத்தூர்.
நடுவிரலுக்கு, ஜெபராணியின் அக்கா
துபாயிலிருந்து கொண்டுவந்த ஒற்றைக் குப்பி.
மோதிரவிரலுக்குக் கொரியா.
சுண்டுவிரலைச் சும்மா விட்டேன்,
சாட்சிக்கு.

புதுவயல் பஸ்ஸில்
இலவச டிக்கெட்டைக் கிழித்த கண்டக்டர் சிரித்தார்:
"என்னம்மா, அஞ்சு விரலும் அஞ்சு கட்சியா?"
"நாலு கட்சி. ஒண்ணு சுயேச்சை."

இரண்டாம் நாள்
துணி அலசும்போது டெல்லி கழன்றது,
மீன் செதிள் மாதிரி முழுசாக வாளியில் மிதந்தது.
மூன்றாம் நாள் குழம்பு மஞ்சள்
கோயம்புத்தூரில் ஏறிக்கொண்டு இறங்கவில்லை.
கொரியா மட்டும் கண்ணாடி.
மில்லின் டியூப்லைட் அதில் வளையாமல் தெரிந்தது.

நாலாம் ராத்திரி மோதிரவிரல் அரித்தது.
நகத்தைச் சுற்றிக் கடுகு கடுகாய்க் கொப்புளம்.
அவித்த நெல் வாசம் வீடெல்லாம் நிற்க
டம்ளர் தண்ணீரில் விரலை விட்டபடி
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

"உங்க தோல் அப்படி" என்றார் மேடம்.
இருக்கலாம். ஓரத்தில் வழியவிட்டது என் கையாகவும் இருக்கலாம்.
ஜெபராணிக்கு ஒன்றும் ஆகவில்லையே.

போனில் பெரிதாக்கி
குப்பிகளின் பொடி எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தோம்.
டெல்லிக் குப்பியில் பூப்படம்தான்; என்ன கலந்தது என்று ஒரு வரி இல்லை.
கொரியாவோ எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லியிருந்தது,
என்னை அரித்திருக்கக்கூடியதையும்.
சொல்லிவிட்டுச் சுட்டிருக்கிறது.

நடுவிரல் ஏழாம் நாளும் அசையவில்லை.
அரிப்பில்லை, மஞ்சளில்லை.
துபாய்க் குப்பியைத் திருப்பிப் பார்த்தோம்.
ரிமூவர் பட்டு லேபிள் அழிந்து
கடைசி இரண்டு எழுத்து மட்டும் மிச்சம்.
அக்காவுக்கு ஞாபகமில்லை.
ஏதோ தள்ளுபடிக் கூடையில் கிடந்ததாம்.

பள்ளத்தூர்க் கல்யாண வீட்டிலிருந்து போன்.
பெண்ணின் தோழிகள் பதினோரு பேர்.
என் பெயரைக் கேட்கவில்லை:
"என்ன பிராண்ட் போடுவீங்க?"
"ஒரு வாரம் முன்னாடி ஆளுக்கு ஒரு விரல்ல
போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.
அந்தப் பக்கம் மேளத்துக்கு முன்பணம் பேசுகிற சத்தம்.
"சரி, கேட்டுச் சொல்றோம்."
வைத்துவிட்டார்கள்.

முப்பதாம் நாள்
படிவத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.
கொரியாவிலேயே அந்த ஒரு சாமான் இல்லாத அடிப்பூச்சு இருக்கிறது,
ஆயிரத்து நூறு, தனியாக வாங்கவேண்டும்.
கலந்து போட்டால் முத்திரை கிடையாது என்றார் மேடம்.
கோபமில்லை அவருக்கு, விதியைச் சொன்னார்.

பஸ்ஸில் அதே கண்டக்டர்.
"யாரும்மா ஜெயிச்சது?"
மோதிரவிரலில் புதுத்தோல் பாதி வந்திருந்தது.
"இன்னும் எண்ணிக்கிட்டு இருக்கோம்ணே" என்றேன்.